தகர டப்பாவில் ஒரு கறுப்புப் பொத்தான்

பள்ளிக்கூடத்து வாசலில் நின்று “கரண்டி!” என்று யாராவது கத்தினால், ஐந்தாம் வகுப்பு ஜன்னலிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்ப்பாள். ஒல்லியான உடம்பு, அதன் உச்சியில் உருண்டைத் தலை. அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் பஞ்சு. அவனுக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தவள் கரண்டி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பழிவாங்கி முடித்துவிட்டதால், நல்ல நண்பர்களாகிவிட்டார்கள்.

கரண்டிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பள்ளிச் சாப்பாட்டுக் குழுவுக்கு அவள்தான் தலைவி. குழுவில் மொத்தம் இரண்டு பேர். இன்னொருவன் பஞ்சு.

இரண்டு பேர்தானே என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டையே தலைகீழாக மாற்றிய குழு அது.

முன்பெல்லாம் தினமும் காலையில் வகுப்பில் ஒரு கேள்வி கேட்பார்கள். “இன்னிக்கு ஸ்கூல் சாப்பாடு யாருக்கு? கையைத் தூக்குங்க.” கை தூக்கியவர்களை மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டிலிருந்து சாப்பாட்டு டப்பா கொண்டுவந்தவர்கள் தங்களுக்குள் கண்ணைக் காட்டிக்கொள்வார்கள். அதற்குப் பயந்து சிலர் கையைத் தூக்கவே மாட்டார்கள். கரண்டியும் அப்படி இருந்தவள்தான். மூன்றாம் வகுப்பு படிக்கையில் அப்பாவுக்கு வேலை போனபோது, ஒரு மாதம் முழுக்கக் கையை பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மதியம் குழாயடிக்குப் போய் வயிறு முட்டத் தண்ணீர் குடிப்பாள். நடக்கும்போது அந்தத் தண்ணீர் வயிற்றுக்குள் களக் களக் என்று ஆடும். அந்தச் சத்தத்தை அவள் இன்னும் மறக்கவில்லை.

அதனால்தான் தலைவி ஆனவுடன் பொத்தான் டப்பாவைக் கொண்டுவந்தாள்.

மாடிப்படிக்கு அடியில் ஒரு வளைவு இருக்கிறது. பகலிலும் இருட்டாக இருக்கும். பள்ளிக்குள் வரும் எல்லோரும் ஒவ்வொருவராக அந்த வளைவைத் தாண்டித்தான் வர வேண்டும். அங்கே ஒரு மர முக்காலி. அதன்மேல் ஒரு கிண்ணம் நிறையச் சின்னச் சின்ன வெள்ளைப் பொத்தான்கள். கரண்டியின் அம்மா தையல்காரர், அவர் கொடுத்தவை. கிண்ணத்துக்குப் பக்கத்தில் மூடியில் ஓட்டை போட்ட ஒரு தகர டப்பா. பள்ளியில் சாப்பிட விரும்புகிறவர்கள் ஒரு பொத்தானை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டுப் போகலாம். விரும்பாதவர்கள் சும்மா போகலாம். யார் போட்டார், யார் போடவில்லை என்று ஒருவருக்கும் தெரியாது. டப்பாவில் எத்தனை பொத்தானோ அத்தனை பேருக்குச் சமையல்.

முதல் நாள் எல்லோர் முன்னாலும் நின்று கரண்டி சொன்னாள். “டப்பாகிட்ட நின்னு யாரும் பாக்க மாட்டோம். நானும் பாக்க மாட்டேன். சத்தியம்!”

அதுவரை இருபது பேர் சாப்பிட்ட பள்ளியில் ஐம்பது, அறுபது பேர் சாப்பிட ஆரம்பித்தார்கள். வீட்டுச் சாப்பாடு கொண்டுவந்தவர்களே அதை மூடிவைத்துவிட்டுப் பொத்தான் போட ஆரம்பித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த மழை வாரம் வரும்வரை.

திங்கட்கிழமை. வானம் காலையிலேயே கறுத்திருந்தது. கரண்டியும் பஞ்சுவும் டப்பாவைத் திறந்து, பொத்தான்களை முக்காலியின்மேல் கொட்டி எண்ணினார்கள்.

“அம்பத்தாறு, அம்பத்தேழு...” பஞ்சுவின் விரல் அப்படியே நின்றது. “இது என்னடி?”

வெள்ளைப் பொத்தான்களுக்கு நடுவே ஒரு கறுப்புப் பொத்தான் கிடந்தது. பெரியது. நான்கு துளை. விளிம்பெல்லாம் தேய்ந்திருந்தது. கரண்டி அதைக் கையில் எடுத்தாள். ஈரமாக இருந்தது. உள்ளங்கை சில்லிட்டது.

“யாரோ சட்டையிலேர்ந்து பிச்சுப் போட்டிருக்காங்க” என்றாள்.

“இவ்ளோ பெரிய பட்டன் வச்ச சட்டை யாருகிட்ட இருக்கு?”

“எதுவா இருந்தா என்ன? பட்டன் பட்டன்தான். அம்பத்தெட்டு!” என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

சமையல் அக்கா ஐம்பத்தெட்டுப் பேருக்கு உலை வைத்தார். மதியம் நீளமான மேஜையில் ஐம்பத்தெட்டுத் தட்டுகளில் சோறும் பருப்பும் காயும் பரிமாறி வைத்தார்கள். குழந்தைகள் வரிசையாக வந்து ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள்.

மேஜையில் ஒரு தட்டு மிஞ்சியது.

கரண்டி பெஞ்சு பெஞ்சாக எண்ணிப் பார்த்தாள். ஐம்பத்தேழு பேர். மறுபடியும் எண்ணினாள். ஐம்பத்தேழுதான். அக்காவிடம் சொல்லலாம் என்று சமையலறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது மேஜை காலியாக இருந்தது. தட்டு இருந்த இடத்தில் வட்டமாக ஆவி படிந்த தடம் மட்டும் இருந்தது. கரண்டி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தடமும் மெல்ல மெல்ல மறைந்தது.

சாயங்காலம் தட்டுகளை அடுக்கியபோது ஐம்பத்தெட்டும் சரியாக இருந்தன. குழந்தைகள் கழுவிய தட்டுகளில் எப்போதும் இரண்டு பருக்கை ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு தட்டு மட்டும் பளபளவென்று துடைத்து, தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அந்தக் கறுப்புப் பொத்தானைக் கரண்டி அன்று வீட்டுக்குக் கொண்டுபோனாள். அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டு விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

“இது கோட்டு பட்டன். இந்த மாதிரி இப்ப கடையிலேயே கிடைக்காது. நான் தொழில் கத்துக்கிட்ட காலத்துலயே இது பழசு.” துளையில் சிக்கியிருந்த ஒரு துண்டு நூலை விரலால் நெருடினார். “கையால தச்சது. அறுந்து விழல. யாரோ இழுத்துப் பிச்சிருக்காங்க. எங்கடி கிடைச்சது?”

“ஸ்கூல்ல” என்றாள் கரண்டி.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் பொத்தானை வெள்ளைப் பொத்தான்களோடு சேர்த்துக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டாள். ஒருவேளை யாராவது தேடுவார்கள் அல்லவா? கிண்ணத்தில் இருநூறு வெள்ளைப் பொத்தான்கள். கறுப்பு அடியில் போய் மறைந்துகொண்டது.

முதல் மணி அடித்ததும் டப்பாவைத் திறந்தார்கள். அறுபது வெள்ளை. எல்லாவற்றுக்கும் மேலே, ஈரமாக, அந்தக் கறுப்புப் பொத்தான்.

“இருநூறு பட்டனைக் கிளறி இதையே தேடி எடுத்திருக்கு” என்றான் பஞ்சு. குரல் கீச்சென்று வந்தது.

“எடுத்திருக்காங்கன்னு சொல்லு. எடுத்திருக்குன்னு சொல்லாத.”

“மனுஷங்களா இருந்தா அப்படிச் சொல்லலாம்.”

அன்றைக்கும் ஒரு தட்டு மிஞ்சியது. அன்றைக்கும் கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போனது.

தட்டு காணாமல் போகிற விஷயம் காட்டுத்தீயாகப் பரவிவிட்டது. ஒன்றாம் வகுப்புக் குட்டிகள் வளைவைத் தாண்டும்போது ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். இது போதாதென்று மணிக்கார மாமா வேறு எண்ணெய் ஊற்றினார். பள்ளியில் மணி அடிப்பது, கதவு பூட்டுவது, மழை ஒழுகும் இடத்தில் வாளி வைப்பது எல்லாம் அவர் வேலை. உயரமான மனிதர். பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும்.

“இங்க வா, காட்டறேன்” என்று கரண்டியையும் பஞ்சுவையும் அழைத்துப்போனார். வளைவுக்கு அந்தப்புறம், பூட்டிக் கிடக்கும் பழைய சாமான் அறையின் கதவுக்கு மேலே, ஒரு புகைப்படம் தொங்கியது. எப்போதோ அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகள். கறுப்புக் கோட்டு போட்டு, மூன்று வரிசையாக, சிரிக்காமல் நின்றார்கள்.

“கடைசி வரிசையைப் பாரு. ஓரமா ஒரு பையன்.”

கரண்டி எக்கிப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு சின்னப் பையன். கன்னம் ஒட்டியிருந்தது. மற்றவர்கள் கோட்டில் வரிசையாகப் பெரிய கறுப்புப் பொத்தான்கள். அவன் கோட்டில் இரண்டாவது பொத்தான் இல்லை.

“பட்டினியாவே வந்துட்டுப் பட்டினியாவே போன பையன்” என்றார் மாமா மெல்ல. “மழைக்காலத்துல வருவான். இந்த ரூம்லதான் உக்காந்து சாப்பிடுவான். மத்தியானத்துல இந்தப் பக்கம் யாரும் வந்துடாதீங்க. சாப்பிடும்போது பாத்தா அவனுக்குப் பிடிக்காது.”

பஞ்சு அதற்குள் படிக்கட்டுக்கு அந்தப்பக்கம் போய்விட்டான்.

புதன்கிழமை பெரிய டீச்சர் கரண்டியைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். அவர்தான் தலைமையாசிரியர். மேஜைமேல் சாப்பாட்டுத் தாள் இருந்தது. தினமும் சாப்பிட்டவர்களின் எண்ணிக்கையை எழுதி அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

“சமைச்சது அறுபத்தொண்ணு. சாப்பிட்டது அறுபது. மூணு நாளா இதே கதை. ஒரு தட்டு எங்க போகுது?”

“தெரியல டீச்சர்.”

“பேய் சாப்பிடுதுன்னு குட்டிப் பசங்க அழறாங்க. ரெண்டு அம்மா வந்து சண்டை போட்டுட்டுப் போனாங்க. யாரோ விளையாடறாங்க, இல்லன்னா யாரோ ரெண்டு தட்டு சாப்பிடறாங்க. டப்பாகிட்ட ஆளை நிறுத்து. யார் போடறாங்கன்னு பாரு.”

“பாக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணிருக்கேன் டீச்சர்.”

“அப்ப வேற வழி இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள யாருன்னு தெரியணும். இல்லன்னா டப்பாவை எடுத்துடலாம். திங்கள்லேர்ந்து பழையபடி கை தூக்கட்டும்.”

கரண்டி வெளியே வந்தாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. குழாயடியில் யாரும் இல்லை. ஆனால் டப்பா போய்விட்டால் அடுத்த வாரமே அங்கே யாராவது நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். யார் யார் என்று தெரியாது. அதுதான் அவளுக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

வியாழக்கிழமை காலை. வளைவுக்குள் நுழைந்த கரண்டி எதையோ மிதித்தாள். அது “அய்யோ!” என்றது.

முக்காலிக்குப் பின்னால், கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு பஞ்சு படுத்திருந்தான்.

“என்னடா பண்ற?”

“நீதான் சத்தியம் பண்ணின. நான் பண்ணல. நான் பாத்துச் சொல்றேன்.”

“எந்திரி.”

“டப்பா போயிடும்டி!”

“நீ இங்க படுத்துக்கிட்டுப் பாத்தா டப்பா இருந்தும் பிரயோஜனம் இல்ல. எந்திரிடா.” காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். “டப்பாவைத்தான் பாக்கக்கூடாது. தட்டைப் பாக்கலாம்.”

அன்று மதியம் மழை இன்னும் வலுத்தது. விளக்கு போட்டும் வெளிச்சம் போதவில்லை. குழந்தைகள் தட்டுகளோடு போய்விட்டார்கள். மேஜையில் ஒரே ஒரு தட்டு, ஆவி பறக்க. கரண்டி காய்கறிக் கூடைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பஞ்சு வரவில்லை. அவனுக்குத் திடீரென்று வயிற்றுவலி.

சளக், சளக் என்று ஈரமான காலடிச் சத்தம் வந்தது.

கரண்டி மூச்சை அடக்கிக்கொண்டாள். கூடையின் இடுக்கு வழியாக அவளுக்கு மேஜையின் ஒரு மூலை மட்டும்தான் தெரிந்தது. அங்கே ஒரு கை வந்தது. நீளமான கறுப்புக் கை. அதிலிருந்து நீர் சொட்டியது. அது தட்டை மெதுவாக, சத்தமே இல்லாமல், தூக்கிக்கொண்டு போனது.

ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் திங்கட்கிழமை கை தூக்கச் சொல்வார்களே? எழுந்து, தரையில் கிடந்த நீர்ச்சொட்டுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். சொட்டுகள் மாடிப்படியைத் தாண்டின, வளைவைத் தாண்டின, புகைப்படத்துக்குக் கீழே போய் நின்றன. பூட்டிக் கிடக்கும் அறையின் பூட்டு திறந்து தொங்கியது. கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது.

உள்ளே யாரோ சாப்பிடும் சத்தம் கேட்டது.

கரண்டி இடுக்கில் கண்ணை வைத்தாள். உடைந்த நாற்காலிகள், பழைய வரைபடங்கள். நடுவில், சுவரைப் பார்த்தபடி, கறுப்பாக நெடுநெடுவென்று ஓர் உருவம். தலையே இல்லாததுபோல் இருந்தது. அது குனிந்து குனிந்து நிமிர்ந்தது. பிறகு ஒரு கையால் தலைப்பக்கத்தைப் பின்னால் தள்ளியது. அது மழைக்கோட்டு. உள்ளே இருந்தவர் மணிக்கார மாமா.

நின்றுகொண்டே சாப்பிட்டார். கவளத்தை மெல்லக்கூடப் பொறுமை இல்லை அவருக்கு. கடைசிப் பருக்கையையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். இன்னும் பசி இருந்தால்தான் அப்படிக் குடிப்பார்கள். அது கரண்டிக்குத் தெரியும்.

பெரியவர்களுக்கும் பசிக்கும் என்று அவள் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. மாமா எல்லோருக்கும் மணி அடிப்பார். அவர் சாப்பிட்டாரா என்று ஒருவரும் கேட்டதில்லை. சாப்பாட்டுக் குழுத் தலைவியும்தான் கேட்கவில்லை. கதவைத் தட்டாமல், நுனிக்காலால் திரும்பி நடந்தாள்.

வெள்ளிக்கிழமை பெரிய டீச்சர் கேட்டார். “யாருன்னு தெரிஞ்சுதா?”

“தட்டு எங்க போகுதுன்னு தெரிஞ்சுது டீச்சர்.”

“யாரு?”

“சொல்ல மாட்டேன்.”

டீச்சரின் கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியது. அது நல்ல அறிகுறி இல்லை. “என்ன சொன்ன?”

“சொன்னா நாளைலேர்ந்து அவங்க சாப்பிட மாட்டாங்க டீச்சர். பசிச்சாலும் சாப்பிட மாட்டாங்க. நானும் அப்படி இருந்திருக்கேன்.” கரண்டி அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். “ஆனா ஒரு யோசனை வச்சிருக்கேன். சமையலறைச் சுவத்துல ஒரு விதி ஒட்டியிருக்கே, படிச்சிருக்கீங்களா?”

“எந்த விதி?”

“பிள்ளைங்களுக்குப் பரிமாறுறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி, ஒரு பெரியவங்க அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பாக்கணும்னு போட்டிருக்கு.”

“நான்தான் தினமும் பாக்கறேனே.”

“நீங்க விரல் நுனியால தொட்டு நாக்குல வச்சுட்டு ஓடிடறீங்க. போன மாசம் உப்பே இல்லாம மூணு நாள் சாப்பிட்டோம்.”

பெரிய டீச்சர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். உண்மைதானே!

“ஒரு முழுத் தட்டு சாப்பிட்டாத்தான் நல்லா இருக்கா இல்லையான்னு தெரியும் டீச்சர். அந்த நேரத்துல எல்லா டீச்சரும் கிளாஸ்ல இருக்கீங்க. மணிக்கார மாமாதான் சும்மா இருக்காரு. அவரையே சாப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்களேன். அப்ப அறுபது பிள்ளைங்க, ஒரு மாமா. தாள்லயும் சரியா வரும்.”

டீச்சர் அவளையே பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே மணிக்கார மாமா மழைக்கோட்டோடு வாளி தூக்கிக்கொண்டு போனார். அந்தக் கோட்டு அவர்மேல் கம்பில் மாட்டியதுபோல் தொளதொளத்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அவரை வரச் சொல்லு” என்றார். குரல் மாறியிருந்தது.

மாமா வந்து கதவோரம் நின்றார். கரண்டியைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

“உங்களுக்கு ஒரு புது வேலை” என்றார் டீச்சர். “தினமும் பிள்ளைங்களுக்கு முன்னாடி நீங்க சாப்பிட்டுப் பாத்துச் சொல்லணும். மேஜையில உக்காந்து, முழுத் தட்டும். பாதில எந்திரிக்கக் கூடாது. இது ஸ்கூல் விதி.”

“முழுத் தட்டுமா?” என்றார் மாமா. கிணற்றுக் குரல் உடைந்தது.

“முழுத் தட்டும்.”

திங்கட்கிழமை மாமா முதல்முறையாக மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார். சமையல் அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு எதிரிலேயே நின்றார்.

“உப்பு கொஞ்சம்...” என்று ஆரம்பித்தார் மாமா.

“கொஞ்சம் என்ன?”

“கொஞ்சம்கூடக் குறை இல்லம்மா!”

அக்கா திருப்தியோடு இன்னும் கொஞ்சம் சோறு வைத்துவிட்டு உள்ளே போனார். மாமா கரண்டியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“நீ பாத்துட்டேன்னு எனக்குத் தெரியும். கதவுகிட்ட உன் செருப்புத் தடம் இருந்துச்சு” என்றார். “உங்க அத்தை, என் வீட்டுக்காரி, ஆஸ்பத்திரியில இருக்கா. அங்க குடுக்கற சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கல. நான் காலைல சமைக்கறதை அவளுக்கே குடுத்துட்டு வந்துடுவேன். யார்கிட்டயும் கேக்க வெக்கமா இருந்துச்சு. அதான் யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு பட்டினிப் பையன் கதையைக் கட்டி விட்டேன். குட்டிப் பசங்களை அழவச்சுட்டேன். தப்புதான்.”

“பரவால்ல மாமா. பஞ்சுகிட்ட மட்டும் பொய்னு சொல்லிடுங்க. அவனுக்கு இன்னும் வயித்துவலி சரியாகல.”

மாமா சிரித்தார். கரண்டியும் சிரித்தாள்.

“ஆனா அந்த பட்டனை எங்க மாமா புடிச்சீங்க? எங்கம்மாவே அதிசயமா பாத்தாங்க.”

மாமாவின் சிரிப்பு நின்றது. “எந்த பட்டன்?”

“நீங்க டப்பால போடுவீங்களே, அந்தக் கறுப்பு.”

“நான் டப்பாவைத் தொட்டதே இல்லையே! பசங்களுக்குன்னு வச்சதுல நான் எப்படிப் போடுவேன்?” என்றார் மாமா. “அன்னிக்கு மேஜையில ஒரு தட்டு மிஞ்சியிருந்துச்சு. கீழ கொட்டப் போறாங்களேன்னு எடுத்தேன். அடுத்த நாளும் இருந்துச்சு. அக்காதான் எனக்குன்னு தெரியாத மாதிரி வைக்கறாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.”

அன்று காலையும் டப்பாவில் கறுப்புப் பொத்தான் இருந்தது. ஈரமாக. மாமா போடவில்லை என்றால்?

இரவு படுக்கையில் அவள் அதையே யோசித்தாள். மாமா பசியோடு இருந்தது தலைவிக்குத் தெரியவில்லை, டீச்சருக்குத் தெரியவில்லை, யாருக்கும் தெரியவில்லை. யாரோ ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அவருக்காக அந்த ஒருவர் தினமும் ஒரு பொத்தான் போட்டிருக்கிறார். அந்த ஒருவரைப் பார்த்துப் பயப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று அவளுக்குப் புரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. முதல் மணி அடித்ததும் டப்பாவை எடுக்க வளைவை நோக்கிப் போனாள். வெளியே மாமா இன்னும் மணி அடித்துக்கொண்டிருந்தார். சமையலறையில் அக்கா பாடிக்கொண்டே காய் நறுக்கினார். ஜன்னல் வழியாகப் பார்த்தால், மைதானத்தில் எல்லா வகுப்பும் வரிசையில் நின்றது. யாரும் பாக்கி இல்லை.

வளைவுக்குள் யாரோ கிண்ணத்தைக் கிளறினார்கள்.

கரண்டி நின்றுவிட்டாள். பொத்தான்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். பொறுமையாக, எதையோ தேடும் சத்தம். பிறகு டங் என்று ஒன்று டப்பாவுக்குள் விழுந்தது.

இன்னும் இரண்டே அடி. எடுத்துவைத்தால் யாரென்று தெரிந்துவிடும்.

கரண்டி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணை இறுக்க மூடி, உதடு மட்டும் அசைய எண்ண ஆரம்பித்தாள். ஏழு எண்ணும்போது ஈரக்காற்று ஒன்று அவள் கழுத்தைத் தொட்டுக்கொண்டு போனது. பத்து எண்ணும்போது சின்னக் காலடிகள் அவளைத் தாண்டிப் போயின. இருபது எண்ணியதும் கண்ணைத் திறந்தாள். ஒருவரும் இல்லை. முக்காலியின்மேல் டப்பா இருந்தது. அவள் போய் அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“நான் பாக்கல” என்றாள் இருட்டைப் பார்த்து. குரல் நடுங்கினாலும் கேட்கும்படியாகவே சொன்னாள். “நேத்து மாமா வயிறு நிறையச் சாப்பிட்டாரு. இன்னிக்கு முட்டை. அவருக்குப் பெரிசா ஒண்ணு எடுத்து வைக்கிறேன்.”

பதில் ஏதும் வரவில்லை. வந்திருந்தால் கரண்டி ஓடிய ஓட்டத்தில் டப்பா பறந்திருக்கும் என்பது வேறு விஷயம். வராததால், பொத்தான்களை எண்ணிவிட்டுச் சமையலறை வரை நிதானமாகவே நடந்து போனாள்.

“அக்கா!” என்று வாசலிலிருந்தே கூப்பிட்டாள். “டப்பால அறுபத்தொண்ணு. நீங்க அறுபத்தி ரெண்டு பேருக்குச் சமைங்க. ஒருத்தர் அதிகமா இருந்தாலும் வச்சிடலாம்.”